பிரிக்காத தந்தி

சோளக்கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கரிப்பொடி பிடித்துப் போகும் நோய்க்குக் கரிப்பூட்டை என்று பெயர். மல்லசமுத்திரம் பக்கத்துக் குடியானவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். பூட்டை விழுந்த கதிரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விதியை நொந்துகொண்டு வீட்டுக்குப் போவான். நான் அதே கரிப்பொடியை நாலு வருஷம் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, நூற்றெண்பது பக்கம் இங்கிலீஷில் எழுதி, டாக்டர் பட்டம் வாங்கினேன். வாங்கிக்கொண்டு நானும் விதியை நொந்தபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவனாவது மறுநாள் காலையில் ஏர் பூட்டுவான். எனக்கு அதுவும் வராது.

டாக்டர் என்று கேள்விப்பட்டு முதல் வாரத்தில் ஏழு பேர் தோட்டத்துக்கு வந்தார்கள். ஒருவருக்குக் காதில் சீழ், ஒருவருக்கு முழங்கால் வாதம். நான் மனுஷனுக்கு டாக்டர் இல்லை, சோளத்துக்கு என்று சொன்னதும் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சோளத்துக்கு நாடி எங்கீங்க சாமி இருக்குது?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 

என் படிப்புக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. ஏதாவது ஒரு சர்வகலாசாலையில், தாவரவியல் பகுதியில், ஒரு மேஜையும் ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சிச் சம்பளமும் கொடுப்பார்கள். அந்த இரண்டு வருஷத்தில் பெயர் சொல்லும்படி நாலு கட்டுரை எழுதினால் பிறகு லெக்சரர் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். அந்த முதல் படி கிடைக்காவிட்டால் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட வேண்டியதுதான். இந்தியா தேசத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்த மாதிரி இடம் வருஷத்துக்கு நாலோ ஐந்தோ தேறும். அதற்கு நாற்பது பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். இரண்டு வருஷத்தில் நான் முப்பத்தொரு விண்ணப்பம் போட்டேன். சேலத்துக்குப் போய் டைப் அடித்து, நற்சாட்சிப் பத்திரங்களுக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். வருந்துகிறோம் என்று பத்தொன்பது பதில்கள் வந்தன. மீதிப் பேர் வருந்தக்கூட இல்லை.

இதில் இன்னொரு கேடும் உண்டு. இந்த இடங்களுக்கு முப்பது வயதைத் தாண்டியவர்கள் மனுப் போடக் கூடாது. எனக்கு நிஜத்தில் இருபத்தெட்டு. ஆனால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, பிறந்த தேதி கேட்ட வாத்தியாரிடம் என் அய்யன், "பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருசம்னு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விட்டார். வாத்தியாருக்குத் தெரிந்த பஞ்சம் வேறு போலிருக்கிறது. அவர் கணக்குப்படி 1937 பங்குனியில் எனக்கு முப்பது முடிகிறது. பங்குனிக்கு அப்பால் என் படிப்புக்கு வாசலே கிடையாது.

அந்த வருஷம் தை மாதத்தில், வடக்கே ஒரு சர்வகலாசாலையிலிருந்து முப்பத்திரண்டாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தானியப் பயிர்களின் பூஞ்சை நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு இடம். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பகுதித் தலைவரான புரொபசர் தன் கையாலேயே எழுதியிருந்தார். என் நூற்றெண்பது பக்கத்தையும் படித்திருக்கிறார். கரிப்பொடி விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்று நான் கண்டுபிடித்த பகுதியைப் பாராட்டியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்து நான் அழுதேன். இந்தப் பூமியில் அந்தப் பக்கங்களைப் படித்த முதல் மனுஷர் அவர்தான். பட்டம் கொடுத்தவர்கள்கூட முழுக்கப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் கடிதத்தின் கடைசியில், தேர்வுக் குழு என்னை இரண்டாவதாக வைத்திருப்பதாகவும், முதல் ஆளுக்கு உத்தரவு போய்விட்டதாகவும் எழுதியிருந்தார். முதல் ஆள் வராவிட்டால் தெரிவிப்பாராம். யார் வராமல் இருப்பான்? பந்தியில் உட்கார்ந்தவன் இலையை விட்டு எழுந்து போவானா? இருந்தாலும் நான் இலவு காத்த கிளியாகத் தினமும் காலையில் மல்லசமுத்திரம் தபாலாபீஸ் வாசலில் போய் நின்றேன். போஸ்ட்மாஸ்டர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை சௌந்திரத்தின் கல்யாணம் வந்தது.

சௌந்திரத்துக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் பெண்கள் மூன்றாவது பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அவள் கல்யாணம் தள்ளிப் போனதற்கு முதல் காரணம் நான்தான். கிணற்றடிப் பூமி என் படிப்புக்குப் போயிற்று. இரண்டாவது காரணம் எங்கள் அய்யன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜலகண்டாபுரத்தில் அவளுக்கு ஒரு இடம் கூடி, பந்தல் போட்டு, விருந்துக்கு அரிசி களைந்து வைத்திருந்த அன்று காலையில் அய்யன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பந்தலிலேயே பாடை கட்டினார்கள். தீட்டுக் கழிந்து நாங்கள் நிமிர்ந்தபோது அந்த மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் சௌந்திரம் ராசியில்லாதவள் ஆகிவிட்டாள். செத்தது அய்யன், பழி மட்டும் அவள் தலையில்.

இப்போது ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் தகைந்திருந்தது. நாள் குறிக்கும் முன்பே பெரியய்யனுக்கு, அதாவது அய்யனுடைய அண்ணன் அப்புசாமிக்கு, முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்துவிட்டது. அவர் மகன் கந்தப்பன் வண்டி கட்டிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வண்டியில் ஏறும்போது, "எதுவானாலும் உங்க பேருக்குத் தந்தி குடுக்கறேனுங்கண்ணா, உங்களுக்குத்தானே இங்கிலீஸ் தெரியும்" என்றான். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் போய்விட்டால் பங்காளிகள் எங்களுக்கெல்லாம் தீட்டு. கல்யாணம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ, யார் கண்டது. அதனால் கிடைத்த முதல் முகூர்த்தத்தைப் பிடித்தோம். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் தாலி என்று ஆயிற்று. கந்தப்பனுக்கும் சொல்லி அனுப்பினோம்.

புதன்கிழமை எங்கள் தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். மத்தியானம், தென்னங்கீற்று வேய்ந்துகொண்டிருக்கும்போது, காக்கிச் சட்டை போட்ட ஒருவன் இரண்டு வேலிக்கும் நடுவே வரும் இட்டேரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். திருச்செங்கோட்டுத் தந்திச் சேவகன் தங்கசாமி. பந்தலில் ஏறியிருந்தவர்கள் கீற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். 

என் பெயருக்குத்தான் தந்தி. தங்கசாமி கையெழுத்து வாங்கினான். பந்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் சைக்கிளைத் திருப்பினான். நல்ல சேதி கொண்டுவருகிற சேவகன் தலையைச் சொறிந்துகொண்டு இனாமுக்கு நிற்பான் என்பது ஊரறிந்த விஷயம்.

நான் ஓரத்தைக் கிழிக்கப் போனேன். அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதே சாமி."

"அம்மா, என்னன்னு பாக்க வேண்டாமா?"

"என்னன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பிரிச்சா நீ படிப்பே. படிச்சா உன்ற மொகத்துல எழுதி ஒட்டுன மாதிரி தெரிஞ்சு போகும். காதுல உழாத சாவுக்குத் தீட்டு இல்ல. தாலி ஏறட்டும், அப்பறம் எல்லாருமா உக்காந்து அழுதுக்கலாம்."

"என்ற வேலைச் சேதியா இருந்தா?" என்று கேட்டேன்.

"வேலைக்குக் காயிதந்தானே வரும்? இத்தன வருசமும் காயிதந்தானே வந்துது?" அவள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "இன்னொருக்கா பந்தலப் பிரிச்சா அவ கழுத்துல இந்த சென்மத்துல தாலி ஏறாது. உன்ற காலுல வேணாலும் உழுகறேன்."

பெற்றவள் காலில் விழுகிறேன் என்றால் எந்த மகன் நிமிர்ந்து நிற்பான்? தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பந்தலில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, வேலையைப் பாருங்க" என்றேன். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் உபகாரம் என்று எல்லோருக்கும் தெரியும். கீற்று வேய்வது மறுபடியும் நடந்தது.

நான் படித்தவன், அதனால் கணக்குப் போட்டேன். பெரியய்யனுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கந்தப்பன் தந்தி கொடுக்கிறேன் என்று சொல்லிப் போனவன். தங்கசாமி இனாம் கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு தட்டில். அடுத்த தட்டில், முதல் ஆள் கிடைத்த இடத்தை உதறிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு பேராசை. பத்துக்கு ஒன்பது பங்கு சாவு என்று தீர்ந்தது. ஆராய்ச்சியில் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் முடிவுக்கு வருவது. ஒன்பது பங்கு இருந்தால் கட்டுரை எழுதிவிடலாம்.

ஆனால் அந்தப் பத்தாவது பங்கு என்னைத் தின்றது.

மல்லசமுத்திரம் கடைவீதியில் நெய் வியாபாரம் பண்ணுகிற முகம்மது ஹனீப் ராவுத்தர் இங்கிலீஷ் படிப்பார். அவருக்கு எங்கள் தீட்டு ஏது? அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம், வேலையாக இருந்தால் சொல்லட்டும், சாவாக இருந்தால் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. பாதி வழி நடந்தும் விட்டேன். பிறகுதான் உறைத்தது. அவர் பேசாமல் திருப்பிக் கொடுத்தால் அதுவே சேதிதானே? எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நான் எப்படி மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காருவது? எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து கை கோக்கிற சீர் ஒன்று உண்டு. தீட்டோடு அந்தக் கையைக் கொடுத்தால் பாவம் சௌந்திரத்தைத்தான் சேரும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாளைக்கு அவள் வயிற்றுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கையைத்தான் சொல்லுவார்கள் என்பதில் நம்பிக்கை இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் என்னால் தாங்க முடியவில்லை. ஊர்ச் சனங்கள் வரவர, வாங்க வாங்க என்று கும்பிடுகிறேன், வெற்றிலைத் தட்டை நீட்டுகிறேன், மனசு மட்டும் இடுப்பில் இருக்கிறது. வேர்வையில் அந்தக் காகிதம் நைந்துவிடுமோ என்று வேறு பயம். பத்து மணிக்கு மேல் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய், தந்தியை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே மடிப்பு மேல் மடிப்பாக எழுத்து. வரிகள் அதிகம் இருப்பதுபோலத் தெரிந்தது. சாவுச் சேதிக்கு இத்தனை வரி எதற்கு? பெரியய்யன் செத்தார், உடனே வா என்றால் முடிந்தது.  பிரித்துவிடுவது என்று தீர்மானித்து நகத்தை ஓரத்தில் வைத்துவிட்டேன்.

"அண்ணா."

சௌந்திரம் நின்றுகொண்டிருந்தாள். நலுங்கு மஞ்சள் முகத்தில் காயாமல் இருந்தது. மணப்பெண் அங்கே வரவே கூடாது. யார் கண்ணுக்கும் படாமல் என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

"நேத்து சைக்கிள்ல ஒருத்தர் வந்தாருல்ல?" என்றாள்.

"ஆமா. மணியார்டர் சமாசாரம்."

அவள் என் கையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தால் எனக்கு மேல் படித்திருப்பாள். மெதுவாகக் கேட்டாள்: "பந்தலப் பிரிக்க மாட்டீங்கல்ல?"

அதைக் கேட்டபோது அவள் குரலில் கெஞ்சல்கூட இல்லை. பிரிக்கப் போகிறார்கள் என்று முடிவு தெரிந்தவள், எப்போது என்று கேட்பது மாதிரி இருந்தது. நாலு வருஷமாக அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ராசியில்லாதவள் முன்னால் வந்துவிட்டாள் என்று யாராவது முகம் சுளிப்பார்கள் என்று போகவில்லை. அத்தனையும் எனக்கு அப்போதுதான் ஒரேயடியாகத் தெரிந்தது. தெரிந்தபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாட்டேன் கண்ணு. போ உள்ள" என்றேன். தந்தி மறுபடியும் இடுப்புக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடியலில் மாப்பிள்ளையின் கையோடு என் கையைக் கோத்தார்கள். அருமைக்காரர் சீர்களைச் செய்து வைத்தார், மங்கல வாழ்த்துப் பாடினார்கள். சௌந்திரத்தின் கழுத்தில் தாலி ஏறியபோது அம்மா ஒரு கையால் அட்சதை போட்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பிறகு பந்தலின் கோடிக்குப் போய்த் தந்தியைப் பிரித்தேன்.

"முதல் ஆள் விலகிவிட்டார். இடம் உனக்கு. சம்மதத்தை வியாழன் மாலைக்குள் தந்தியில் தெரிவி. வியாழன் இரவு கமிட்டி. தவறினால் மூன்றாமவருக்குப் போகும்." கீழே புரொபசரின் பெயர்.

ஒரு தரம் படித்தேன். தேதியைப் பார்த்தேன். இன்னொரு தரம் படித்தேன். அதற்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் என் முகத்தைப் படித்துவிட்டார்கள். செல்லியம்மாள் அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ என்ற அண்ணா, போயிட்டீங்களா" என்று ஆரம்பித்தாள். மற்றவர்கள் கட்டிக்கொண்டு கூடவே ஒப்பாரி எடுத்தார்கள். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். இன்னும் மாலையைக்கூடக் கழற்றாத சௌந்திரம் மணவறையில் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"சாவு இல்லை," என்று கத்தினேன். "யாரும் சாகல. நிறுத்துங்க."

அழுகை நின்றது. அம்மா என்னிடம் வந்தாள். "நெசமாலுமா? பெரியய்யனுக்கு ஒண்ணுமில்லையா?"

"இது அவரைப் பத்தின சேதியே இல்லம்மா. வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அம்மாவின் முகம் மலர்ந்ததே, அந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சர்க்கரைத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனாள். "நல்ல சேதி சாமி, நல்ல சேதி. மகளுக்குத் தாலி ஏறுன நேரம், மகனுக்கு உத்தியோகம் வந்துருச்சு. யாருங்க அவள ராசியில்லாதவன்னு சொன்னது?" என் வாயிலும் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள். அதை நான் முழுங்கினேன். கெடு முந்தாநாளே ஓட ஆரம்பித்து நேற்றே முடிந்துவிட்டது என்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவது?

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு மிதித்தேன். பத்து மைல். பட்டு வேட்டி செயினில் மாட்டிக் கிழிந்தது. தந்தியாபீஸ் குமாஸ்தா, கல்யாண வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்து, மாப்பிள்ளையே ஓடிவந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். "தந்தி தாமதம். சம்மதம். இன்றே புறப்படுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவசரத் தந்தியாக அனுப்பச் சொன்னேன்.

"புதன்கிழமையே குடுத்தாச்சே, என்னங்க தாமதம்?" என்றார் குமாஸ்தா.

"உங்க தங்கசாமி இனாம் கேட்கலீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பக்கத்தில் பெஞ்சில் இருந்த தங்கசாமி தலையை நிமிர்த்தினான். "எனக்கென்னங்க இங்கிலீசா தெரியும்? கல்யாண ஊட்டுக்குத் தந்தின்னதும் எனக்கே பயமாப் போச்சு. அதான் நிக்காம வந்துட்டேன்" என்றான். அவனைக் கோபித்து என்ன பிரயோசனம்? நான் எதை அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேனோ அது என்னுடைய பயமேதான், அவன் முகத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

பதில் வரும் வரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசியும் இல்லை. மலையை வெறித்துக்கொண்டு, அங்கே இருக்கிற சாமியிடம் வேண்டக்கூடச் செய்தேன். கமிட்டி கூடாமல் இருந்திருக்கட்டும், மூன்றாமவனுக்குக் காலரா வந்திருக்கட்டும் என்று வேண்டினேன். மனுஷன் எவ்வளவு தாழ்ந்து போகிறான் பாருங்கள். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு, என்னைப் போலவே எங்கேயோ தபாலாபீஸ் வாசலில் காத்துக்கிடந்த ஒருவனுக்கு, நான் சாவு கேட்டேன்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. "வருந்துகிறேன். நேற்றிரவு ஒன்பது மணி வரை கமிட்டியை நிறுத்தி வைத்தேன். இடம் நிரம்பிவிட்டது. ஏன் மௌனம்?"

ஏன் மௌனம் என்று கேட்டிருந்தார். ஒன்பது மணி வரை எனக்காகப் பெரிய மனுஷர்களை உட்கார வைத்துவிட்டுத் தலைகுனிந்திருப்பார். அவருக்கு என்ன எழுதுவது? தந்திப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்தேன். தீட்டுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? சாவுச் சேதியாக இருக்குமோ என்று பயந்து பிரிக்கவில்லை என்று எழுதினால், விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன் எழுதியது என்று நம்புவாரா? நம்பினால் அது இன்னும் கேவலம். படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷருக்கு இன்று வரை நான் பதில் எழுதவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மிதிக்கத் தெம்பில்லை. பங்குனிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் எந்தச் சர்வகலாசாலையிலும் எந்த இடமும் வரப் போவதில்லை. வழியில் இரண்டு பக்கமும் சோளம் அறுத்த காடு. ஒரு காட்டில் பூட்டைக் கதிர்களைப் பிடுங்கி வரப்பில் குவித்திருந்தார்கள். அப்படி எறிந்தால் கரிப்பொடி காற்றில் பறந்து அடுத்த காட்டுக்கும் போகும், எரிக்க வேண்டும் என்று நூற்றுப்பதினேழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நின்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

எங்கள் இட்டேரிக்குள் திரும்பும் இடத்தில், வேலி ஓரமாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவன் குந்தியிருந்தான். பக்கத்தில் போன பிறகுதான் கந்தப்பன் என்று தெரிந்தது.

"பொண்ணு மாப்பள கெளம்பிட்டாங்களாண்ணா?" என்று கேட்டான்.

"மத்தியானமே போயிருப்பாங்க. நீ எப்ப வந்தே? ஏன் இங்க உக்காந்திருக்கே?"

அவன் துண்டை அவிழ்த்தான். தலை மழித்திருந்தது.

"செவ்வாக்கெழம ராத்திரியே அய்யன் போய்ட்டாருண்ணா. சேலத்துலயே எரிச்சுட்டேன். ஆஸ்பத்திரி ஆளுங்க ரெண்டு பேரும் நானுந்தான்." சொல்லும்போது அவன் அழவில்லை. மூன்று நாளில் அழுது முடித்திருந்தான். "சனம் பூராத்துக்கும் பெரிய மனுசன். கொட்டு இல்ல, சங்கு இல்ல. நீங்க பொறுத்துக்கோணும்."

நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டேன். "எனக்கு ஏன்டா தந்தி குடுக்கல?"

கந்தப்பன் என்னை விநோதமாகப் பார்த்தான். "குடுக்கறேன்னு சொன்னது நாள் குறிக்கறதுக்கு முன்னாலீங்களே. கல்யாண ஊட்டுக்கு எவனாச்சும் சாவுத் தந்தி குடுப்பானா? நம்ம சனத்துல பொறந்த ஒருத்தனும் குடுக்க மாட்டான். இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். பந்தலில் ஏறி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் பயத்தில் மறந்தார்கள். நான் பத்துக்கு ஒன்பது என்று கணக்குப் போட்டு மறந்தேன். அந்தத் தந்தி எதுவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், சாவாக மட்டும் இருந்திருக்க முடியாது.

நான் அந்த வேலி ஓரத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, மழித்த தலையோடு என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அழுவாதீங்கண்ணா," என்றான். "கடைசீல வலியில்லாமத்தான் போனாரு."

 பெரியய்யனுக்காகத்தான் அழுகிறேன் என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.